அரை டம்ளர் சிவப்பு

திருவண்ணாமலை,
20.1.2025

அண்ணிக்கு,

சிந்துஜா எழுதுகிறேன். உங்களை இன்னமும் அண்ணி என்று கூப்பிடலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவதென்றும் தெரியவில்லை. நாசிக்கில் குளிர் ஜாஸ்தி என்கிறார்கள். உடம்பு சௌகரியமாக இருக்கிறதா? இங்கே எல்லாரும் சௌகரியம்.

உங்களோடு வேலை பார்க்கும் கவிநிலாவின் அம்மா போளூரிலிருந்து வந்து எங்கள் தெருவில் புடவை விற்பார். உங்கள் விலாசம் அவரிடம் வாங்கியதுதான். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் என் போனை வீட்டுக்காரர் தினமும் வாங்கிப் பார்ப்பார். அது அவருக்கு ஒரு பழக்கம். கடிதம் என்றால் பகலில் வரும், அப்போது இவர் லாட்ஜில் இருப்பார்.

அம்மா மார்கழி பிறந்ததும் தவறிவிட்டார். சர்க்கரை ஏறி, பிறகு கிட்னி. நீங்கள் ஏழு வருஷம் அவருக்கு மருமகளாக இருந்தவர், அதனால் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சுரேஷ் அண்ணன் நன்றாக இருக்கிறார். பெயின்ட் கடைக்குப் பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்திருக்கிறார். அவருக்கு இப்போது பெண் பார்க்கிறார்கள்.

அம்மாவின் பீரோவை ஒழித்தபோது உங்கள் கல்யாணப் புடவை கிடைத்தது. கவிநிலா ஊருக்கு வந்தால் கொடுத்தனுப்பட்டுமா?

இன்னொன்று. கோபித்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு உங்கள் டம்ளரில் இருந்தது எப்படி இருக்கும்? நான் மோந்துகூடப் பார்த்ததில்லை. இத்தனை நாள் கழித்து அது மட்டும் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று எழுதும்,
சிந்துஜா

*

நாசிக்,
8.2.2025

சிந்துஜாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பது வழக்கம் என்பதால் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

உன் அம்மா போனதற்கு வருத்தம். என் அப்பா போன தகவல் எனக்குக் காரியம் முடிந்த பிறகுதான் வந்தது. எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. நீயும் செய்யவில்லை. நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற போட்டோவை, வேர்க்கடலை மூட்டை விலை போகிற அந்த மல்லாட்டை மண்டியில் வைத்து, நாலு பேர் எதிரில், அவர் முகத்துக்கு நேராகக் காட்டினார்களாம். "அருணகிரி, உம் பொண்ணு குடிக்கிறா பாரு" என்று. மல்லாட்டை மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர் அதற்குப் பிறகு தெருவில் இறங்கவில்லை. நான் போய் நின்றபோது கதவைத் திறக்கவில்லை. எட்டு மாதத்தில் போய்விட்டார்.

போட்டோ எடுத்தது நீ. எடுக்கச் சொன்னது உன் அண்ணன். இரண்டும் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

தினமும் பிராந்தி குடித்துவிட்டு வந்தவன் அவன். ஒருநாள் அவன் பாட்டில்களை எல்லாம் துணி துவைக்கிற கல்லில் கவிழ்த்தேன். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பாண்டிச்சேரி போய் வந்தவன் சமாதானம் என்று எனக்கு ஒரு பாட்டில் சிவப்பு ஒயின் வாங்கி வந்தான். "இது பொம்பளைங்களும் குடிக்கலாம், உடம்புக்கு நல்லது"ன்னு சொன்னான். குடித்தேன். பிடித்திருந்தது. அதை நான் எங்கேயும் மறைக்கவில்லை. சனிக்கிழமைகளில் அரை டம்ளர். அதற்கு மேல் ஒருநாளும் இல்லை. பெரியவர்கள் உட்கார்ந்து விசாரித்தபோது அவன், "எங்க வீட்டுக்குள்ள அது எப்படி வந்துச்சுன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றான். நீ அவன் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாய். அதற்கு இரண்டாம் மாதம் உனக்கும் லாட்ஜ் ராஜாவுக்கும் கல்யாணம். அண்ணன் முன்னால் நின்று நடத்தினான்.

புடவை எனக்கு வேண்டாம். எரித்துவிடு.

கேட்ட கேள்விக்குப் பதில். நான் இப்போது ஒரு ஒயின் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தோட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு டேஸ்டிங் ரூமில் ஊற்றிக் கொடுத்து, இன்னது இன்னது என்று சொல்வது என் வேலை. வருகிறவர்கள் விலை ஜாஸ்தியானதைத்தான் கேட்பார்கள். பட்டியலில் கடைசியில் ஒன்று இருக்கிறது. டிரை ரெட். டிரை என்றால் காய்ந்தது இல்லை, இனிப்பு இல்லாதது. ஒரு சாதாரண காட்டன் புடவை விலைகூட வராது. எனக்கு அதுதான் பிடிக்கும். எப்படி இருக்கும் என்று எழுதினால் உனக்குப் புரியாது. கவிநிலா மாசியில் ஊருக்கு வருகிறாள். இரண்டு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன். நீயே குடித்துப் பார்.

ரேவதி

*

திருவண்ணாமலை,
16.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். அங்கே வெயில் ஆரம்பித்துவிட்டதா? இங்கே மலைப் பக்கம் இப்போதே அனல் அடிக்கிறது.

கவிநிலா பாட்டிலைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல பெண். உங்களைப் பற்றி நிறையச் சொன்னாள். நீங்கள் அங்கே யாரோடும் அதிகம் பேச மாட்டீர்களாம்.

பாட்டிலை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். பௌர்ணமியை ஒட்டி இவர் மூன்று நாளும் லாட்ஜிலேயே இருப்பார். கிரிவலக் கூட்டம், ரூம் ஒன்றும் மிச்சம் இருக்காது. அதனால் பௌர்ணமி அன்று சாயங்காலம் மூடியைத் திருகினேன். ஊர் முழுக்கச் சாமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் நேரம் நான் அடுப்படியில் இதைச் செய்கிறேனே என்று முதலில் ஜன்னலைச் சாத்தினேன். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி மருந்து மாதிரி ஒரே மடக்காகக் குடித்தேன்.

தப்பாக நினைக்காதீர்கள், எனக்குப் பிடிக்கவில்லை. வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்த மாதிரி நாக்கை இழுத்துப் பிடித்தது. திராட்சை என்கிறார்கள், ஒரு சொட்டு தித்திப்பு இல்லை. தொண்டை எரிந்தது. மீதியை அங்கணத்தில் கொட்டிவிட்டு ஏலக்காய் மென்றேன். இதற்காகவா அத்தனையும் நடந்தது என்று அழுகை வந்தது.

இன்னொரு பாட்டில் அப்படியே இருக்கிறது. கொட்டிவிடட்டுமா?

கை எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டைக் கதவில் இடித்துக்கொண்டேன்.

சிந்துஜா

*

நாசிக்,
30.3.2025

அன்புள்ள சிந்துஜா,

நலம். உன் மணிக்கட்டு சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

கொட்டாதே. நீ குடித்த விதம் தப்பு. பிராந்தி குடிக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அவர்கள் தொண்டைக்குள் ஊற்றிக்கொள்வார்கள், வாயில் அதற்கு வேலையே இல்லை. இது வாயில் இருக்க வேண்டிய பண்டம்.

முதலில், எவர்சில்வர் வேண்டாம், கண்ணாடி டம்ளர் எடு. பாட்டிலைக் கொஞ்ச நேரம் பிரிட்ஜில் வை, நம் ஊர் சூட்டில் அது சாராயம் மாதிரிதான் நாறும். கால் டம்ளர் ஊற்றி, சும்மா வைத்துவிட்டு வேறு வேலை பார். காற்றுப்பட்டதும் கொஞ்சம் அடங்கும். அப்புறம் டம்ளரைச் சுழற்றி மோந்து பார். ஒரு வாய் எடுத்து விழுங்காமல் நாக்கு முழுக்கப் படரவிடு. வறுத்த மல்லாட்டை பக்கத்தில் வைத்துக்கொள். இல்லையென்றால் கறி வறுவல் செய்கிற அன்றைக்குக் குடி. எண்ணெயும் உப்பும் சேர்ந்தால்தான் அந்தத் துவர்ப்புக்கு அர்த்தம் புரியும். திறந்த பாட்டில் மூன்று நாள் தாங்கும். பிறகு புளித்துவிடும்.

எனக்கு அதில் என்ன ருசி தெரியும் என்று கேட்டால், முதலில் நாவல்பழம். பிறகு மிளகு. கடைசியில் மழை விழுந்த செம்மண். உனக்கு வேறு ஏதாவது தெரியலாம். தெரிந்ததை எழுது. நான் சொன்னதையே திருப்பி எழுதாதே.

சித்ரா பௌர்ணமிக்குக் கவிநிலா மறுபடி வருகிறாள், அவள் வீட்டில் காதுகுத்து. அவளிடம் இன்னொரு பாட்டில் தருகிறேன். அவள் வரும்போது திற. ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல். ரயில் சூட்டில் ஒயினின் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேராக டம்ளரைத் தூக்கிப் பிடி. உன் முகமும் நன்றாகத் தெரியட்டும். சிரித்துக்கொண்டு நில். பார்த்து ரொம்ப நாள் ஆகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரேவதி

*

திருவண்ணாமலை,
15.5.2025

பிரியமுள்ள அண்ணிக்கு,

சுகம், உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். இவர் சனிக்கிழமை லாட்ஜுக்குப் போனவர் செவ்வாய்க்கிழமைதான் வந்தார். கவிநிலா வந்திருந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டோம், தெருவிலிருந்து தெரியாது. மல்லாட்டையை உப்புப் போட்டு வறுத்து வைத்திருந்தேன்.

முதல் வாய் அதே இழுப்புதான். ஆனால் துப்பத் தோன்றவில்லை. இரண்டாவது வாய்க்கு முன்னால் மல்லாட்டை மென்றேன். அண்ணி, அதை எப்படி எழுதுவது? வாயில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை அது துடைத்துக்கொண்டு போனது. துடைத்த இடத்தில் ஒரு வாசனை நின்றது. நீங்கள் சொன்ன நாவல்பழம் எனக்குத் தெரியவில்லை. மாதுளையை உரிக்கும்போது விரலில் ஒட்டுமே, அந்தத் தோலின் துவர்ப்பு தெரிந்தது. பிறகு, சிரிக்காதீர்கள், மழைக்காலத்தில் நனைந்த சாக்குப் பை. கெட்ட வாசனை இல்லை. சின்ன வயதில் மண்டியில் அப்பாவோடு போய் நிற்பேன், அப்போது வரும் வாசனை.

அரை டம்ளர் தீர ரொம்ப நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. குழம்புக்கு உப்பு பார்த்திருக்கிறேன். பாயசத்துக்குத் தித்திப்பு பார்த்திருக்கிறேன். எல்லாம் அடுத்தவர் வாய்க்காக. எனக்காக ஒன்றை வாயில் வைத்து இது எப்படி இருக்கிறது என்று நானே யோசித்தது இதுதான் முதல் தடவை. தலை சுற்றவில்லை. ஒன்றும் உளறவில்லை. முகம் கொஞ்சம் சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த நாளும் அரை டம்ளர். மூன்றாம் நாள் மிச்சத்தைக் கறிக்குழம்பில் ஊற்றினேன். செவ்வாய்க்கிழமை வந்தவர் சாப்பிட்டுவிட்டு, "இன்னாடி போட்ட, நல்லா இருக்குது" என்றார். அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

கவிநிலா போட்டோ எடுத்தாள். நான் சிரிக்கிறேன். அவளே உங்களிடம் கொடுப்பாள். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அண்ணி. இவர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கவிநிலா கொண்டுவந்த புதுப் பாட்டிலைத் திறக்கவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு இருக்கட்டும்.

உங்கள்,
சிந்துஜா

*

திருவண்ணாமலை,
24.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, கடிதம் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா? கவிநிலாவின் அம்மாவிடம் கேட்டேன். நீங்கள் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்றார்.

போட்டோ கிடைத்ததா? நிறம் சரியாக இருந்ததா?

இந்தப் பௌர்ணமிக்குப் பாட்டிலைத் திறக்கவில்லை. உங்கள் கடிதம் வராமல் குடிக்க மனசு வரவில்லை.

சிந்துஜா

*

திருவண்ணாமலை,
2.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எழுதவில்லை என்றாலும் இதைச் சொல்ல வேண்டும். அண்ணனுக்குப் பெண் முடிவாகிவிட்டது. செங்கம் பக்கம், விவசாயக் குடும்பம். பெண் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். பார்க்க அமைதியாக இருக்கிறாள். ஆவணியில் வேங்கிக்கால் மண்டபத்தில் நிச்சயதார்த்தம். அம்மா இல்லாததால் தட்டு மாற்றுவது நான்தான்.

முதல் மனைவி எதனால் பிரிந்தாள் என்று பெண் வீட்டார் கேட்டார்கள். அண்ணன், "குடிப் பழக்கங்க, எவ்வளவோ திருத்திப் பார்த்தேன்"னு சொன்னார். சொல்லும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அன்றைக்கு மாதிரியே நிற்பேன் என்று அவருக்குத் தெரியும்.

பெண் என்னிடம் தனியாக வந்து, "அவங்க இப்ப எங்க இருக்காங்க?"ன்னு கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும்.

சிந்துஜா

*

நாசிக்,
14.8.2025

சிந்துஜா,

நலம். உன் மூன்று கடிதங்களும் கிடைத்தன. பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது.

போட்டோவில் நிறம் பார்க்க ஒன்றும் இல்லை. கெட்ட ஒயினை மோந்தாலே தெரியும். எனக்கு வேண்டியது உன் முகம். கையில் டம்ளரோடு, சிரித்தபடி. நீ எடுத்த என் போட்டோ மாதிரியே ஒன்று.

கவிநிலாவுக்கு இதில் எதுவும் தெரியாது. அவளிடமிருந்து வாங்கி, கடையில் கொடுத்துப் பெரிதாக பிரிண்ட் போட்டேன். ராஜாவின் லாட்ஜ் விலாசத்தை எழுதி, கவரை ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டி வைத்திருக்கிறேன். உன் முதல் கடிதம் வந்த அன்றே இதை முடிவு செய்துவிட்டேன். எப்படி இருக்கும் என்று கேட்டாயே, அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. உனக்குப் பிடிக்க வேண்டும் என்றுதான் அவ்வளவு பொறுமையாக மல்லாட்டை வறுப்பது வரை சொல்லிக்கொடுத்தேன். பிடிக்காத ஒன்றுக்காக மாட்டிக்கொண்டால் உனக்கு அது வெறும் தண்டனை. பிடித்த ஒன்றுக்காக மாட்டினால்தான் என்னுடையது புரியும்.

போட்டோவில் உன் இடது கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. பவுடர் போட்டு மறைத்திருக்கிறாய். கதவுகள் உன்னை எங்கெல்லாம் இடிக்கின்றன என்று எனக்குப் புரிகிறது. அதைப் பார்த்துத்தான் இரண்டு மாதமாகக் கவர் மேசை மேல் கிடந்தது. தினமும் எடுத்துப் பார்த்தேன். பாவம் என்று தோன்றும். உடனே அப்பா மண்டியில் நிற்பது கண்ணுக்குள் வரும். பாவம் என்பது போய்விடும்.

இப்போது அவன் நிச்சயதார்த்தம் என்கிறாய். நல்லது. அது முடிந்த மறுநாள் தபாலில் போடுகிறேன். சொல்லாமலே அனுப்பியிருக்கலாம். நான் ஒன்றும் தெரியாமல்தான் மாட்டினேன், அது ஒரே அடி. நீ தெரிந்துகொண்டு காத்திரு. ஒவ்வொரு நாளும் தபால்காரர் மணி அடிக்கும்போது நினைத்துக்கொள்.

அவனுக்கு என்ன செய்வது என்றுதான் எனக்கு வழி தெரியவில்லை. ஆண் பிள்ளை குடிக்கிறான் என்று யாரிடம் போட்டோ காட்டுவது? காட்டினால் சிரிப்பார்கள். அதனால் உனக்குச் செய்கிறேன்.

ரேவதி

*

போளூர்,
10.9.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நான் உயிரோடு, சௌகரியமாக இருக்கிறேன். கவிநிலாவின் அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதம் பார்த்து நான் பயப்படவில்லை. சித்திரையிலேயே எனக்குத் தெரியும். ஒயின் நிறம் பார்க்க என் முகம் எதற்கு? கவிநிலா போனைத் தூக்கியதும் புரிந்துவிட்டது. ஒரு தடவை நான் எடுத்தேன், ஒரு தடவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சிரித்துக்கொண்டு நின்றேன். ஆனால் கடைசியில் ஒன்று எழுதினீர்கள், அவனுக்கு என்ன செய்வது என்று வழி தெரியவில்லை என்று. அதைப் படித்த பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் நிறைந்திருந்தது. பெண்ணின் அப்பாவும் பெரியம்மாவும் முன்வரிசை. அண்ணன் வேட்டி சட்டையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். தட்டு மாற்றக் கூப்பிட்டார்கள். நான் அறைக்குப் போய்ப் பையிலிருந்து பாட்டிலையும் கண்ணாடி டம்ளரையும் எடுத்துக்கொண்டு வந்தேன். தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூடியைத் திருகி அரை டம்ளர் ஊற்றினேன்.

பெரியம்மா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா அது, நன்னாரி சர்பத்தா?" என்றார்.

"இல்லீங்க, ஒயினு" என்றேன்.

அவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் ஒரு வாய் குடித்தேன். நீங்கள் சொன்னபடி, விழுங்காமல், நாக்கு முழுக்கப் படரவிட்டு. மேளக்காரர்கள் முதலில் நிறுத்தினார்கள். பிறகு ஒவ்வொரு வரிசையாகப் பேச்சு நின்றது.

அண்ணன் எழுந்து, "ஏய், இன்னா பண்ற? எந்திரிடி" என்றார்.

"குடிக்கிறேன்ணா."

பெண்ணின் அப்பா, "இன்னாங்க இது? உங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் இப்படித்தானா?" என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "ஆமாங்க. எங்க அண்ணன் பழக்கிவிட்டதுதான். மொத அண்ணிக்கும் பாண்டிச்சேரியிலருந்து அவரே வாங்கியாந்து குடுத்தாரு. அவரு தெனமும் குடிக்கிறாருன்னு அவங்க கேட்டாங்க, பாட்டிலயெல்லாம் கவுத்துக் கொட்டுனாங்க. அதுக்கு இவரு அவங்கள குடிக்க வச்சு, போட்டோ எடுக்க வச்சு, அதையே ஊர்ல காட்டி வெரட்டுனாரு. எடுத்தது இந்தக் கைதாங்க. நாளைக்கு உங்க பொண்ணுக்கும் ஒரு பாட்டில் வரும். போட்டோ எடுக்க யாரு இருப்பாங்கன்னுதான் தெரியல."

என்னைப் பழக்கியது அண்ணன் என்றது பொய். மற்றதெல்லாம் நிஜம். அந்த ஒரு பொய்யைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகவே இல்லை.

பெண் எழுந்து நின்றாள். சத்தம் போடவில்லை. அண்ணனைப் பார்த்து, "நெசமாங்க?" என்று ஒரே வார்த்தை கேட்டாள்.

அண்ணன் அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். என்மேல் பாய்ந்து அறைந்தார். பெண்ணின் தாய்மாமா நடுவில் வந்து கையைப் பிடித்தார். அண்ணன் முகத்துக்கு நேராக அந்த மாமா முகம். மாமா மூக்கைச் சுளித்துக்கொண்டு, "காலையிலயே ஊத்திக்கினு வந்து மாலை போட்டுக்கினு உக்காந்திருக்காரு மாப்ள"ன்னு சொன்னார். பெரிதாகச் சொல்லவில்லை. ஆனால் மண்டபம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் கடைசி வரிசை வரை கேட்டது.

பெண் தன் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். அவள் அப்பா, "தட்ட எடுங்கம்மா, போலாம்" என்றார். பழம், பூ, புடவை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வரிசையாக வெளியே போனார்கள். அண்ணன் ஒவ்வொருவர் பின்னாலும் ஓடி, "அவ பைத்தியங்க, அவ பேச்சக் கேக்காதீங்க"ன்னு சொல்லிக்கொண்டே போனார். ஒருவரும் நிற்கவில்லை. பெயின்ட் கடை வாடிக்கைக்காரர்கள் எல்லாம் இருந்தார்கள். சாப்பாடு ரெடியாகியிருந்தது. யாரும் பந்திக்குப் போகவில்லை.

டம்ளரில் மிச்சம் இருந்தது. கன்னம் எரிந்துகொண்டிருந்தது. உட்கார்ந்து குடித்து முடித்தேன். அன்றைக்கு ரொம்ப நன்றாக இருந்தது அண்ணி.

வாசலில் இவர் நின்றார். "நட, வீட்டுக்கு வா, உன்னை வச்சிக்கிறேன்"ன்னு சொன்னார். வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று தெரியும். "வரல"ன்னு சொல்லிவிட்டு எதிரில் வந்த ஆட்டோவில் ஏறினேன். கட்டின புடவையோடு பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து போளூர். இரண்டு தடவை தேடி வந்துவிட்டுப் போனார். கவிநிலாவின் அம்மா கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கறிவேப்பிலை ஆய்ந்தபடி அவரிடம் பேசினார். அதன் பிறகு வரவில்லை.

போட்டோவை இன்னும் தபாலில் போடவில்லை என்றால் அனுப்புங்கள். நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே அதைப் புதிதாகப் பார்க்க இனி யாரும் இல்லை.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க நான் இதைச் செய்யவில்லை. எனக்கும் அவர்மேல் கோபம் இருந்தது. கல்யாணம் பண்ணிவைத்த அன்றே ராஜா எப்படிப்பட்டவர் என்று அண்ணனுக்குத் தெரியும்.

உங்கள் நலம் வேண்டும்,
சிந்துஜா

*

நாசிக்,
1.10.2025

சிந்துஜாவுக்கு,

உடம்பு சரியாக இருக்கிறது. கன்னத்து வீக்கம் இறங்கியிருக்கும். இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் போ. காதைப் பார்க்கச் சொல்.

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். பெண் வீட்டார் பின்னால் அவன் ஓடிய இடத்தைச் சத்தம் போட்டுப் படித்தேன். கவிநிலா வந்து என்னவோ ஏதோ என்று பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்த ஊருக்கு வந்து நான் சத்தமாகச் சிரித்து அவள் பார்த்ததில்லையாம். அன்று சாயங்காலம் அதே மலிவுப் பாட்டில் ஒன்றை இரண்டு பேரும் உட்கார்ந்து குடித்தோம். எனக்குக்கூட அதில் அவ்வளவு ருசி இருக்கிறது என்று அதுவரை தெரியாது. எங்கள் ரூமுக்கு வருகிறவர்களிடம் அதைப் பற்றி இனி வேறு மாதிரி சொல்லப்போகிறேன்.

ஆனால் ஒரு குறை. அவன் முகம் எப்படிப் போனது என்று நீ சரியாக எழுதவில்லை. மாலையைக் கழற்றினானா, அதோடேதான் ஓடினானா? வேட்டி அவிழ்ந்ததா? அடுத்து எழுதினால் அதை எழுது. ஒன்றுவிடாமல் எழுது.

இனி உன் விஷயம். நிச்சயதார்த்தத் தேதி தெரியாமல் மேசை மேலேயே கிடந்த கவரிலிருந்து ஸ்டாம்பை மட்டும் கிழித்து எடுத்துவிட்டேன். உன்மேல் இரக்கம் வந்து அல்ல. இனி அதை யாரிடம் காட்டினாலும் நாங்களே நேரில் பார்த்தோமே என்பார்கள். எத்தனை மாதம் யோசித்து வைத்திருந்தேன் தெரியுமா? எப்படி மாட்டுவாய், யார் எதிரில் நிற்பாய், எந்தக் கதவு உனக்குத் திறக்காது என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நீயாகவே நடு மண்டபத்தில் உட்கார்ந்து குடித்து என்னிடமிருந்து அதையும் எடுத்துக்கொண்டாய். அந்தக் கோபம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத முயன்றேன். வரவில்லை. மண்டபத்தில் நீ சொன்னதை அப்பா உயிரோடு இருந்து கேட்டிருக்க வேண்டும். மண்டியில் போட்டோ காட்டியவர்களும் கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்காமல் போனதற்கு உங்கள் இருவரையும் நான் விடுவதாக இல்லை. சுரேஷ் அவமானப்பட்டான், அவ்வளவுதான். செத்துப்போகவில்லை.

போளூரில் ரொம்ப நாள் இருக்காதே. ராஜா குடித்துவிட்டு மறுபடி வருவான், கவிநிலாவின் அம்மாவுக்கு வயதாகிறது. இங்கே ஜனவரியில் அறுவடை. திராட்சை பொறுக்கிப் பிரிக்க நூறு பெண்கள் எடுப்பார்கள். தங்குவதற்கு அவர்களே இடம் தருவார்கள். கவிநிலாவிடம் சொல்லியிருக்கிறேன், டிசம்பரில் உன் பேரைக் கொடுப்பாள். என் பேரைச் சொல்லாதே. என் அறைக்கு வராதே. வேலை கஷ்டம், விரல் நுனி எல்லாம் வெடிக்கும். ஆனால் உன் போனை யாரும் வாங்கிப் பார்க்க மாட்டார்கள்.

நான் வேலை பார்க்கிற ரூம் வழியாகத்தான் நீ தினமும் ஷெட்டுக்குப் போக வேண்டியிருக்கும். பார்த்தால் பேசுவேன் என்று எதிர்பார்க்காதே. பேசுவதற்கு எனக்கு இன்னும் நாளாகும்.

கம்பளி எடுத்துக்கொண்டு வா. இங்கே விடியற்காலையில்தான் பறிக்க இறங்குவார்கள், குளிர் தாங்காது.

ரேவதி